வற்றிப்போன வீக்கம்

மனைவி ரைஹானாவின் இடது காலில் வீக்கம் வற்றியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சாதிக் வெளியே வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தெருமுனை டீக்கடையில் கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்திருப்பான். மாமனார் வீட்டிலிருந்து அலறல் கேட்டது.

"ரைஹானா! ஏ பிள்ளை! கண்ணத் தொறந்து பாருடி!"

மாமி ஜொஹராவின் குரல். மெதுவாகப் பேசுவதுதான் மரியாதை என்று நினைக்கிற பெண் அவள். அந்தக் குரல் இவ்வளவு தூரம் கேட்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

கிளாஸை எங்கே வைத்தான் என்பது நினைவில்லை. ஓடினான். குளியலறை வாசலில் ரைஹானா சுவரில் சாய்ந்து கிடந்தாள். நாவற்பழம் தின்றவள் மாதிரி உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினாள். காற்று உள்ளே போகிற மாதிரியே தெரியவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. அவனைப் பார்த்ததும் ஏதோ சொல்லப் பார்த்தாள், சொல் வரவில்லை. அவன் சட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்ரூமுக்குன்னு எந்திரிச்சா மாப்ளே. நாலு எட்டு வச்சிருப்பா. நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டா. நாலே எட்டுதான்..." மாமி இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். உள்ளே தொட்டிலில் பதினெட்டு நாள் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

சற்று முன்புவரை அவன் ரைஹானாவின் அறைக்குள்தான் இருந்தான் என்பது மாமிக்குத் தெரியாது.

அருப்புக்கோட்டையில் மிளகாய் வற்றலும் மல்லியும் கமிஷனுக்கு வாங்கி விற்கிற மாமனார் அப்துல் பாரி வீட்டில், பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் கட்டுப்பாடு உண்டு. குளியலறைக்குத் தவிர கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். பச்சை உடம்பு என்பதால் பச்சைத் தண்ணீர் ஆகாது. காலையில் அரை டம்ளர் சுக்குத் தண்ணீர், மாலையில் அரை டம்ளர். ரைஹானாவுக்கு ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்ததால் ஜொஹரா எல்லாவற்றையும் இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். புருஷன் வரலாம், முன்கூடத்தில் உட்காரலாம், பிள்ளையை எடுத்துவந்து மடியில் வைப்பார்கள். பெண்டாட்டி இருக்கிற அறைக்குள் மட்டும் நாற்பது கழியாமல் கால் வைக்கக் கூடாது. மார்க்கத்தில் எங்கே இப்படிச் சொல்லியிருக்கிறது என்று சாதிக் ஒருமுறை கேட்டுப் பார்த்தான்.

"மார்க்கத்துல இல்ல மாப்ளே. எங்க வீட்ல இருக்கு," என்று சொல்லிவிட்டு மாமி பலகாரத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

சாதிக் துபாயில் ஏசி மெக்கானிக். கல்யாணம் ஆன இரண்டு வருஷத்தில் அவன் மனைவியோடு இருந்தது மொத்தம் மூன்று மாதம்தான். ஒன்றரை மாத லீவில் வந்தவனை நாற்பது நாள் முன்கூடத்தில் உட்கார் என்றால் முடிகிற காரியமா? பந்தல்குடியில் இருக்கும் தன் வீட்டிலிருந்து தினமும் பகல் பஸ்ஸைப் பிடித்து வந்தான். மதியத் தொழுகை முடிந்து மாமனார் கடைக்குப் போனபிறகு, மாமி அசந்து தூங்குகிற ஒரு மணி நேரம் இருந்தது. பின்பக்க முடுக்குச் சந்து வழியாக வந்து அடுப்படிக் கதவைத் தள்ளினால் அடுத்த அறை ரைஹானாவுடையது.

"கள்ளன் மாதிரி வாரீகளே மச்சான். பிடிச்சா என்ன சொல்லுவீக?" என்று முதல் நாள் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என் பொண்டாட்டிய நானே களவாட வந்தேன்னு சொல்றேன்."

"அத்தா போலீஸக் கூப்பிட மாட்டாக. அம்மாவக் கூப்பிடுவாக. அதுக்குப் போலீஸே தேவல." சிரிப்பு நின்றதும் அவள் கேட்டது ஒன்றுதான். "தண்ணி கொண்டாரீகளா? நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிருது."

மறுநாளிலிருந்து பையில் ஒரு பாட்டில் தண்ணீரும் வந்தது. தலையைத் தூக்கி, கண்ணை மூடி, அவள் ஒரே மூச்சில் குடிப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்கு நாளைக்கு முன் அவள் போர்வையை விலக்கிக் காட்டினாள். இடது கால் கெண்டைச் சதை கல் மாதிரி வீங்கி, தோல் மினுமினுத்தது. தொட்டால் சூடு.

"மாமிகிட்ட காட்டுனியா?"

"காட்டவா? பச்சத் தண்ணி குடிச்சியாடின்னுதான் மொத கேள்வி வரும். நீரு கோத்திருச்சும்பாக. அப்புறம் சுக்குத் தண்ணியும் கிடையாது. அம்மா தொடைக்க வந்தா காலை நானே தொடைச்சுக்கிறேன்னு போர்வைய இழுத்துக்கிறேன்."

இப்படித்தான் அவன் வைத்தியனானான். துபாயிலிருந்து வருகிற எல்லோர் பெட்டியிலும் இருக்கிற பச்சைத் தைலம் அவன் பெட்டியிலும் இருந்தது. தலைவலி, பல்வலி, முட்டிவலி எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். கணுக்காலில் தொடங்கி மேல்நோக்கிக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தான். அவள் தலையணை முனையைக் கடித்துக்கொண்டாள்.

"வலிக்குதா? விட்ரவா?"

"நல்லா அழுத்துங்க. வலிச்சாத்தான் கேக்கும்."

நேற்று மூச்சை இழுத்தால் விலாவில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். வாயுவாக இருக்கும் என்று அங்கேயும் கொஞ்சம் தைலம் தடவிவிட்டான். இன்று வந்து பார்த்தால் கால் பாதியாக வற்றியிருந்தது. தேய்த்து முடித்தபோது இரண்டு காலும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிந்தன.

"பாத்தியா கை வைத்தியத்த!"

"ஏசி ரிப்பேரை விட்ருங்க மச்சான். கால் ரிப்பேர்னு போர்டு போட்டுக் கடை வச்சிருவோம்," என்றாள். அவன் முடுக்கு தாண்டுகிறவரை அவள் சிரிப்பு கூடவே வந்தது.

விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு போன உள்ளூர் நர்சிங் ஹோமில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சுப் படத்தில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. ஆனால் நாடி நிமிஷத்துக்கு நூற்று நாற்பது ஓடியது. ஆக்ஸிஜன் வைத்தும் உதட்டின் நீலம் போகவில்லை. "பிள்ளை பெத்த பிறகு சிலருக்கு இதயம் பலவீனமாயிரும். இங்க வச்சிருக்க முடியாது, மதுரைக்குக் கொண்டுபோயிருங்க," என்றார் டாக்டர். காலேஜிலிருந்து ஓடிவந்த ரைஹானாவின் தங்கை யாஸ்மின் பிள்ளையோடு வீட்டில் நின்றுகொண்டாள்.

ஒரு வேனில் பின்சீட்டை மடக்கிப் படுக்கவைத்து, ஆக்ஸிஜன் சிலிண்டரோடு கிளம்பினார்கள். பாளையம்பட்டி தாண்டியது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் வெயிலில் அசையாமல் நின்றது. சாதிக் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். திரும்பிப் பார்த்தால் மாமியின் மடியில் ரைஹானாவின் முகம் தெரியும். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்த மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே வந்தான். காரியாபட்டியில் லோடு லாரி ஒன்று வழியை மறித்தபோது, பின்னால் உட்கார்ந்து வந்த அப்துல் பாரி வேன் கதவைத் திறந்து ரோட்டில் இறங்கி, தலைத் தொப்பியைக் கையில் எடுத்து ஆட்டிக்கொண்டு, "என் பிள்ள உள்ள இருக்குய்யா! என் பிள்ள!" என்று லாரிக்காரனைக் கும்பிட்டார். கடையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, மிளகாய் கொண்டுவரும் சம்சாரிகளோடு விலை பேசுகிற மனுஷன் அவர்.

மதுரை ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்த்தார். நர்சிங் ஹோம் கடிதத்தைப் படித்தார். "இதயத் தளர்ச்சிதான். உடம்புல தேங்குன நீரை இறக்க ஊசி போடுவோம். சாயங்காலம் இதய ஸ்கேன் எடுக்கிறவர் வந்ததும் உறுதி பண்ணிக்கலாம்."

அவர் பக்கத்தில் நின்ற ட்யூட்டி டாக்டர் ஜெப ஷீலாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஸ்டெதஸ்கோப்பை ரைஹானாவின் முதுகில் நாலைந்து இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டாள். முகம் தெளியவில்லை.

"சார், இதயம் தளர்ந்து நீர் தேங்குனா நுரையீரல்ல சத்தம் கேக்கணுமே. சுத்தமா இருக்கு."

"கால் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன? ஊசியைப் போடச் சொல்லுங்க."

ஜெப ஷீலா வராந்தாவுக்கு வந்தாள். பின்னாலேயே ஒரு நர்ஸ் ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது.

"அம்மா, ஆபரேஷனுக்கு அப்புறம் உங்க பொண்ணுக்குக் கால் வீக்கம் ஏதாவது இருந்துச்சா? ஒரு கால் மட்டும்?"

"இல்லவே இல்ல டாக்டரம்மா. நான்தான தெனம் உடம்பு தொடைச்சுவிடுறேன்? பொட்டு நீரு கோக்கல. தண்ணியே குடுக்கலையே, எப்படிக் கோக்கும்?" அந்த நிலைமையிலும் மாமியின் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"தண்ணி குடுக்கலையா! பதினெட்டு நாளாவா?"

"பச்ச உடம்புல்ல?"

டாக்டர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "சரி. நடக்க விட்டீங்களா?"

"அய்யய்யோ, கட்டில விட்டு எறங்க விடல."

"யாராவது காலைப் பிடிச்சு, நீவி, தேய்ச்சு விட்டீங்களா?"

"யாரு தேய்க்கப்போறா? என்னத் தவிர அந்த ரூமுக்குள்ள ஒரு ஈ காக்கா போகல."

சுவரோரம் நின்ற சாதிக் டாக்டரையே பார்த்தான். அந்தப் பெண் ஏன் இதைக் கேட்கிறாள்? தேய்த்தால் என்ன? வெட்கத்தால் அவன் உடனே வாயைத் திறக்கவில்லை என்று பிறகு எல்லோரும் நினைத்தார்கள். வெட்கமும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அவனைக் கட்டிப்போட்டது அது இல்லை. அவன் சொல்லப்போகிற பதிலுக்கு அந்த டாக்டரின் முகத்தில் என்ன வரும் என்பதைப் பார்க்கப் பயந்தான். பேசாமல் இருந்தால் அவள் உள்ளே போய்விடுவாள். கேள்வியும் போய்விடும்.

ஜெப ஷீலா திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் மருந்தைச் சிரிஞ்சில் உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், நான் தேச்சேன்."

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"இடது கால். கல்லு மாதிரி வீங்கியிருந்துச்சு. நாலு நாளா நான்தான் தைலம் போட்டுத் தேச்சேன். இன்னைக்கு வத்திருச்சு. அதான் உங்களுக்குத் தெரியல."

அவன் பயந்தது வந்தது. டாக்டரின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் ஒரு நொடியில் இறங்கிவிட்டது.

"இன்னைக்கும் தேய்ச்சீங்களா? எத்தனை மணிக்கு?"

"ஒன்றரையிலிருந்து... ரெண்டு மணி வரைக்கும்."

"அவங்க விழுந்தது எப்ப?"

அப்துல் பாரிதான் சொன்னார். "ரெண்டரைக்குக் கடைக்கு ஆள் வந்துச்சு."

"நெஞ்சுவலி, இருமல் ஏதாவது முன்னாடியே சொன்னாங்களா? எதையும் மறைக்காதீங்க."

"நேத்து விலாவுல குத்துதுன்னா. வாயுன்னு நெனச்சேன்."

டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். "சிஸ்டர், அந்த ஊசி வேண்டாம்! நிறுத்துங்க!" என்று அவள் கத்தியது வராந்தாவரை கேட்டது.

"மாப்ளே," என்றாள் மாமி. "நாப்பதுக்குள்ள உள்ள போனீகளா?"

"ஆமா மாமி."

"எத்தன நாளு?"

"பதினோரு நாளா."

"நான் தூங்குறப்பயா? என் வீட்லயா?" மாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்துல் பாரி, "ஏலே..." என்று ஆரம்பித்தார். மருமகனை அப்படி ஒருநாளும் அவர் கூப்பிட்டதில்லை. தொப்பியை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷத்தில் ஜெப ஷீலா மறுபடி வந்தாள். இந்த முறை சாதிக்கிடம் நேராகப் பேசினாள்.

"படுத்தே கிடந்ததுல கால் ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியாயிருக்கணும். தேய்க்கிறப்ப அது பிய்ச்சுக்கிட்டு மேல போகும். இதயம் வழியா நுரையீரலுக்குப் போய் அங்க குழாயை அடைச்சுரும். நான் சந்தேகப்படுறது அதைத்தான். எக்ஸ்ரேயில தெரியாது. ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுக்கணும். ஆனா ஆபரேஷன் பண்ணி மூணு வாரம்கூட ஆகல, உள்காயத்துல கசிஞ்சா அதுவும் ஆபத்து. அதனால படத்துல பாத்துட்டுத்தான் குடுக்கணும்னு பெரிய டாக்டர் சொல்றார். எதிர்ல இருக்கிற சென்டர்ல புதுசா சுத்துற சிடி ஸ்கேன் மிஷின் வந்திருக்கு. ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோற நேரத்துல எது வேணாலும் ஆகலாம். சம்மதமா?"

"அப்ப நான்தான் அவள..."

"அதுக்கு இப்ப நேரமில்லை. கையெழுத்துப் போடுங்க."

காகிதத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

ஸ்கேன் சென்டரில் ரூபன் என்ற இளைஞன் மிஷினை ஓட்டினான். குளிரூட்டிய அறை, நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை வளையம், அதற்குள் போய்வருகிற பலகை. அதன் மேல் ரைஹானாவைப் படுக்கவைத்ததும் அவளுக்கு மூச்சு இன்னும் முட்டியது. சாதிக் அவள் கூடவே இருந்தாக வேண்டும் என்று அவள் கையை ஆட்டினாள். கனமான ஈய அங்கி ஒன்றை ரூபன் அவனுக்கு மாட்டிவிட்டான்.

"அக்கா, கையில ஒரு மருந்து ஏத்துவேன். உடம்பு பூரா குப்புனு சூடேறும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரிகூடத் தோணும். போகாது, வெக்கப்படாதீங்க. எல்லாரும் அதான் சொல்வாங்க." வேலையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பழைய மிஷின்னா ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தடவை மூச்சை அடக்கணும். இது அப்படி இல்ல, சுத்திக்கிட்டே மொத்தமா எடுத்துரும். ஒரே ஒரு தடவை அடக்குனா போதும். இருபத்தஞ்சு செகண்ட்."

ரைஹானா கண்ணை அகல விரித்துச் சாதிக்கைப் பார்த்தாள். ஒரு செகண்டுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவளிடம் இருபத்தைந்து செகண்ட் மூச்சு விடாதே என்கிறார்கள்.

"முடியாது தம்பி அவளால," என்றான் சாதிக்.

"அசைஞ்சா படம் கலங்கிரும் அண்ணே. எது குழாய், எது கட்டின்னு தெரியாது. எடுத்தும் வீண். எவ்வளவு முடியுதோ அவ்வளவு. முடியாட்டி துளித் துளியா விடுங்க, பொசுக்குனு விட்ராதீங்க."

ரூபன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனான். மருந்து ஏறியது. ரைஹானாவின் முகம் சிவந்தது. "இழுங்க... அடக்குங்க!" என்று ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது.

வளையத்துக்குள் ஏதோ சுழலும் ஓசை கேட்டது. பலகை மெல்ல நகர்ந்தது. ரைஹானா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். சாதிக் மனதுக்குள் எண்ணினான். ஐந்து. எட்டு. அவள் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. பன்னிரண்டு. கண்ணின் ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. பதினேழு. கால் பெருவிரல்கள் மடங்கி விறைத்தன. யா அல்லாஹ், போதும், விட்டுவிடச் சொல் என்று இவன் உள்ளே கெஞ்சினான். இருபத்தொன்றில் அவள் வாய் திறந்துகொண்டது. கிணற்றுக்குள்ளிருந்து ஏறிவருகிற மாதிரி ஒரு இழுப்பு.

"போதும்க்கா! வந்துருச்சு, வேண்டியது வந்துருச்சு!"

ஒவ்வொரு படமாகத் திரையில் வந்தது. கூடவே வந்திருந்த ஜெப ஷீலா குனிந்து பார்த்தாள். அவளைக் கேட்காமலே சாதிக்கும் பின்னால் போய் நின்றான். மருந்து ஏறிய ரத்தக்குழாய்கள் இலையில்லாத மரம் மாதிரி வெள்ளையாகக் கிளை விட்டிருந்தன. நடுத் தண்டு இரண்டாகப் பிரிகிற இடத்தில் டாக்டரின் விரல் நின்றது. வெள்ளைக்குள் கருப்பாக, நீளமாக, ஒன்று கவட்டையில் மாட்டிய சாட்டை மாதிரி இரண்டு பக்கமும் தொங்கியது. வலப்புறக் கிளை ஒன்று பாதியிலேயே அறுந்துபோய் இருட்டாக இருந்தது.

"இதுதானா டாக்டர்?"

"இதுதான்."

"இது... கால்ல இருந்ததா?"

"கால்ல இருந்ததுதான். பாருங்க, கால் குழாயோட வடிவம்கூட மாறல. சுண்டுவிரல் கனம்."

தன் கட்டைவிரலை அவன் பார்த்தான். அதில் இன்னும் தைல வாசனை இருந்தது. அதற்குப் பிறகு அந்த அறையில் யார் என்ன பேசினார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. ஹெபாரின், ஹெபாரின் என்று ஒரு மருந்தின் பெயர் மட்டும் கேட்டது. ஸ்ட்ரெச்சரை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் அந்த ஈய அங்கியோடே ரோட்டைத் தாண்டிப் பின்னால் ஓட, ரூபன் துரத்தி வந்து கழற்றிப் போனான்.

முதல் இரண்டு நாள் யாரும் ஒரு வார்த்தை நம்பிக்கையாகச் சொல்லவில்லை. கட்டியைக் கரைப்பது உடம்பின் வேலை, இன்னொன்று வராமல் தடுப்பதுதான் மருந்தின் வேலை என்றார்கள். மாமி வராந்தாவின் ஒரு கோடியில், சாதிக் மறு கோடியில். மாமி அவனைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் நாள் ஜெப ஷீலா அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக எல்லாவற்றையும் விளக்கினாள். படுத்தே கிடந்தால் ரத்தம் தேங்கும், தண்ணீர் இல்லாவிட்டால் இன்னும் கெட்டியாகும், வயிற்றை இறுக்கிக் கட்டினால் காலிலிருந்து மேலே வருகிற ரத்தம் தடைபடும். மாமி குறுக்கே பேசாமல் கேட்டாள். டாக்டர் எழுந்து போனபிறகு, "என் அம்மா எனக்குச் செஞ்சதத்தான நான் செஞ்சேன்," என்று யாருக்கும் இல்லாமல் சொன்னாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

சாதிக் வராந்தா முனையில் டாக்டரை மறித்தான்.

"நான் தேய்க்காம இருந்திருந்தா அது அங்கேயே இருந்திருக்குமா?"

அவள் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள்.

"தேய்க்காமலும் போயிருக்கலாம். ஆனா தேய்ச்சதாலதான் போயிருக்கும்னு நான் நினைக்கிறேன். பொய் சொல்ல விரும்பல." கொஞ்சம் நின்று, "நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா அந்த நீர் இறக்குற ஊசியப் போட்டிருப்போம். இருந்த கொஞ்ச ரத்த அழுத்தமும் விழுந்திருக்கும். கால் வத்தியிருந்ததைப் பாத்து ஏமாந்தது நானும்தான்," என்றாள்.

மூன்றாம் நாள் ரைஹானா முழு வாக்கியமாகப் பேசினாள். ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். அவன் கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றான்.

"அத்தாகிட்ட சொல்லிட்டீகளாமே."

"சொல்லிட்டேன்."

"தண்ணி குடிச்சதையுமா?"

"எல்லாத்தையும்."

"அதையாச்சும் விட்ருக்கலாம்ல மச்சான்," என்று சிரித்தவள் விலாவைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"என் கைதான் ரைஹானா. படத்துல பாத்தேன். நானேதான் தள்ளிவிட்ருக்கேன்."

"நல்லா அழுத்துங்கன்னு சொன்னது யாரு? அம்மாவுக்குத் தெரியாம மூடி வச்சது யாரு? பழியப் பங்கு போடுறதுன்னா எனக்கும் ஒரு பங்கு குடுங்க. தனியாச் சுருட்டிக்கிட்டுப் போயிராதீக." இவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது. நர்ஸ் வந்து அவனை வெளியே அனுப்பிவிட்டாள்.

அவன் அவளைத் தொடவில்லை. அடுத்த மூன்று நாளும் தொடவில்லை. யாஸ்மின் கொண்டுவந்த பிள்ளையை வாங்கினான், மருந்துச் சீட்டை வாங்கினான், மாமனாருக்கு டீ வாங்கினான். ரைஹானாவின் பக்கம் போனால் மட்டும் இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டான்.

ஏழாம் நாள் காலை ஜெப ஷீலா வந்து, "இன்னைக்கு எந்திரிச்சு நடக்கணும். ஜன்னல் வரைக்கும் போய்ட்டு வந்தா போதும். ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ரைஹானா காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். இடது காலில் கணுக்காலிலிருந்து தொடைவரை பட்டைத் துணி சுற்றியிருந்தது. மாமி ஒரு பக்கம் தோள் கொடுத்தாள். மறுபக்கம் காலியாக இருந்தது. ரைஹானா சாதிக்கைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"மாமா பிடிக்கட்டுமே," என்றான் அவன்.

"அத்தா டீ குடிக்கப் போயிருக்காக."

"வரட்டும். அவசரமா?"

மாமி அவன் பக்கம் திரும்பாமலே, சுவரைப் பார்த்துப் பேசினாள். அந்த முதல் நாளுக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு. "முடுக்கு வழியா வாரதுக்கு மட்டும் தைரியம் இருந்துச்சாக்கும்? நான் ஒத்தையாப் பிடிச்சு ரெண்டு பேரும் விழுந்தா, அதுக்கொரு ஸ்கேன் எடுக்கணும். வந்து பிடிங்க மாப்ளே."

அக்குளிலிருந்து கைகளை எடுத்தான். முழங்கைக்குக் கீழே, வளையல் கிடந்த இடத்தில், பட்டும் படாமலும் பிடித்தான். ரைஹானா தன் பாரத்தை அவன் மேல் சாய்த்தாள். வேறு வழியில்லாமல் இறுக்கிப் பிடித்தான்.

ஒரு எட்டு. இரண்டு. நான்காவது எட்டில் மாமி நின்றுவிட்டாள். அவள் முகம் வெளிறியது. சாதிக்கும் நின்றான். இருவரும் ரைஹானாவின் உதட்டையே பார்த்தார்கள். வெடித்து, வறண்டு, ஆனால் சிவப்பாகத்தான் இருந்தது.

"என்ன ரெண்டு பேரும் என் வாயவே பாக்குறீக?" என்றாள் ரைஹானா. "ஜன்னல் அங்க இருக்கு."

ஐந்தாவது எட்டை அவளே எடுத்து வைத்தாள். இரண்டு பக்கமும் அவளைப் பிடித்துக்கொண்டு, அந்த இருவரும் அரை எட்டு பின்னால் நடந்தார்கள்.